'ஷிவர்' நாவலின் ஓநாய்க் காதல்: நிலவுக்குப் பதிலாக வெப்பமானி

நீலமை எழுதியது:

மேகி ஸ்டீவாட்டர் எழுதிய 'ஷிவர்' நாவலை நேற்று இரவு படித்து முடித்தேன். 2009இல் வெளிவந்த நூல் என்பதால் இங்குள்ளவர்களில் பலர் எப்போதோ படித்து மறந்திருப்பீர்கள். ஆனாலும் ஒரு கேள்வி மனத்தைக் குடைந்துகொண்டே இருப்பதால் கேட்டுவிடுகிறேன். கதையின் முடிவு வரை பேசப்போகிறேன்; இனிமேல் படிக்கலாம் என்றிருப்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்வது நல்லது.

ஓநாயாக உருமாறும் நாயகர்களைக் கொண்ட காதல் நாவல்களில் எனக்கு இதுவரை ஈடுபாடு இருந்ததில்லை. கைப்பேசிச் செயலிகளில் தொடராக வரும் கதைகளில் ஐந்தாறை முயன்று பார்த்திருக்கிறேன். உறுமிக்கொண்டே வரும் ஓர் ஆல்ஃபா, அதாவது ஓநாய்க் கூட்டத்தின் தலைவன், நாயகியின் வாசனை மூக்கில் பட்ட கணத்திலேயே 'இவள் என் துணை' என்ற அறிவிப்பு, பின்பு அவளை வேறு எவனும் ஏறிட்டுப் பார்க்கக்கூடாது என்ற சண்டை. மூன்றாம் அத்தியாயத்துக்குள் எல்லாம் நடந்து முடிந்துவிடும். மீதி நூறு அத்தியாயங்களும் அந்த மூன்றையே அரைத்த மாவாக அரைத்துக்கொண்டிருக்கும். ஆகவே பழைய புத்தகக் கடையில் இந்தக் கெட்டி அட்டைப் பிரதி கையில் சிக்கியபோது, அட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடத்தான் நினைத்தேன். வைப்பதற்கு முன் நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்தேன். எழுத்துகள் கறுப்பில் இல்லை, கருநீலத்தில் இருந்தன. அச்சுக் கோளாறோ என்று முன்னும் பின்னும் புரட்டினேன். முழுப் புத்தகமும் நீல மையில்தான் அச்சாகியிருந்தது. அந்த ஒரு வியப்புக்காகவே காசு கொடுத்து வாங்கிவந்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை.

படிக்காமலே தொடர்பவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மெர்சி ஃபால்ஸ் என்னும் கற்பனை ஊர். கிரேஸ் என்ற பெண்ணை, அவள் பதினொரு வயதுச் சிறுமியாக இருந்தபோது, ஒரு குளிர்காலத்தில் வீட்டுத் தோட்டத்து ஊஞ்சலிலிருந்து ஓநாய்கள் இழுத்துச் சென்றன. அவற்றுள் மஞ்சள் விழிகொண்ட ஓர் ஓநாய் அவள் உயிரைக் காப்பாற்றியது. அதன் பிறகு ஒவ்வொரு குளிர்காலத்திலும் அந்த ஓநாய் வீட்டுக்குப் பின்னுள்ள காட்டின் ஓரத்தில் வந்து நிற்கிறது, அவளும் ஜன்னலருகே நின்று பார்க்கிறாள், கோடையில் அது காணாமல் போகிறது. சாம் என்ற இளைஞன்தான் அந்த ஓநாய். இந்த நாவலில் முழு நிலவுக்கு வேலையே இல்லை. குளிர் ஏறினால் மனிதன் ஓநாயாகிறான், வெயில் வந்தால் மனிதனாகிறான். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு மனிதனாக இருக்கும் காலம் குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் கோடை வந்தாலும் உடல் திரும்பாமல் போய்விடும். தனக்கு இதுவே கடைசி முறை என்று சாமுக்குத் தெரிந்திருக்கும் ஆண்டில்தான் இருவரும் முதன்முதலாக மனிதராகச் சந்திக்கிறார்கள்.

என்னைப் பிடித்து உட்காரவைத்தது அத்தியாயத் தலைப்புகள். ஒவ்வொரு தலைப்பிலும் யார் பேசுகிறார் என்பதோடு அப்போதைய வெப்பநிலையும் ஃபாரன்ஹீட்டில் தரப்பட்டிருக்கிறது. முதல் சில அத்தியாயங்களில் அந்த எண்ணை அலங்காரம் என்று எண்ணித் தாண்டிச் சென்றேன். நூறு பக்கம் தாண்டியபோது, அத்தியாயத்தின் முதல் வரியைப் படிப்பதற்கு முன்பே கண் அந்த எண்ணுக்குப் போவதை உணர்ந்தேன். கைப்பேசியில் செல்சியஸுக்கு மாற்றிப் பார்த்து, எண் இறங்கியிருந்தால் வயிற்றைப் பிசைய, ஏறியிருந்தால் மூச்சுவிட்டுக்கொண்டு படித்தேன். மார்கழி விடியலில் 20 டிகிரிக்கு இறங்கினாலே போர்வைக்குள் சுருண்டுகொள்ளும் சென்னைக்காரி, பத்து டிகிரியைப் பார்த்து 'அப்பாடா, தப்பித்தான்' என்று நிம்மதி அடைந்தேன் என்றால் நீங்களே யோசித்துப் பாருங்கள். காதலர்கள் கடையிலிருந்து வண்டிக்கு நடக்கும் இருபது அடி தூரத்தைக்கூட நெஞ்சு படபடக்கப் படிக்க வைத்துவிட்டார் ஆசிரியர்.

இன்னொரு காட்சியையும் சொல்ல வேண்டும். சாம் சிறுவனாக இருந்தபோது, அவன் மாறுவதைக் கண்டு அஞ்சிய பெற்றோரே அவனைக் குளியல் தொட்டியில் வைத்து மணிக்கட்டை அறுத்தார்கள். அந்தத் தழும்புகளும், தொட்டியைக் கண்டாலே வரும் நடுக்கமும் அவனோடு வளர்ந்திருக்கின்றன. பின்னொரு கட்டத்தில், அவன் உடல் ஓநாயாகிவிடாமல் தடுக்க கிரேஸுக்கு இருக்கும் ஒரே வழி வெந்நீர் நிரம்பிய தொட்டியில் அவனை இறக்குவதுதான். கொல்ல வந்ததும் காக்க வந்ததும் ஒரே தொட்டி. அந்த அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தைக் கவிழ்த்துவைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இனி கேள்வி. இந்தக் கதை எனக்குப் பிடித்ததற்குக் காரணம் ஓநாய் என்னும் கருவா, அல்லது 'நேரம் முடியப்போகிறது' என்னும் கட்டமைப்பு மட்டும்தானா? அந்த இடத்தில் ஒரு நோயாளியை வைத்திருந்தாலும் இதே அளவு பிடித்திருக்குமா? இதோடு, இந்த வகையில் நிதானமாக எழுதப்பட்ட வேறு நூல்கள் இருந்தால் சொல்லுங்கள்.

* * *

வாடைக்காற்று எழுதியது:

டொராண்டோவில் பன்னிரண்டு குளிர்காலங்களைக் கழித்தவன் என்ற தகுதியில் ஒரு திருத்தம். இந்த நாவலில் குளிர்காலம் வில்லன் இல்லை, இலையுதிர்காலம்தான் வில்லன். குளிர்காலம் வந்துவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை. 15 ஃபாரன்ஹீட் என்றால் ஏறக்குறைய மைனஸ் 9, சாம் ஓநாய், அத்துடன் முடிந்தது. அக்டோபர் மாதம் அப்படியில்லை. மதியம் மேல்சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்த அதே தெருவில், மாலை ஆறு மணிக்கு மூச்சுக்காற்று வெண்புகையாக வெளிவரும். காலையில் வண்டிக் கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்டிவிட்டு வேலைக்குப் போய், திரும்பும்போது குளிரூட்டியைப் போட்ட நாள்களும் உண்டு. ஒரு மனிதனின் உருவமே இந்த ஊசலாட்டத்தைப் பொறுத்தது என்று வைத்துவிட்டு, கதை முழுவதையும் அந்த ஊசலாட்டம் நடக்கும் சில வாரங்களுக்குள் அடக்கியதில்தான் ஆசிரியரின் சாமர்த்தியம் இருக்கிறது.

மை பற்றிக் கேட்டு மகிழ்ந்தேன். இரண்டாம் பாகமான 'லிங்கர்' 2010இல் பச்சை மையிலும், மூன்றாம் பாகமான 'ஃபாரெவர்' 2011இல் சிவப்பு மையிலும் கெட்டி அட்டைப் பதிப்பாக வந்தன.

* * *

கானுறை எழுதியது:

நீலமை அவர்களின் கேள்வியில் 'ஓநாய் என்னும் கருவா' என்ற பாதிக்கு மட்டும் விடை சொல்ல முயல்கிறேன், ஏனெனில் காதல் கதைகளைவிட ஓநாய்களைப் பற்றித்தான் நான் அதிகம் படித்திருக்கிறேன்.

நீங்கள் சலித்துக்கொண்ட அந்த உறுமும் ஆல்ஃபா காட்டில் பிறந்தவன் அல்லன், கூண்டில் பிறந்தவன். 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர், சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக்காட்சிசாலையில் அடைத்து வைக்கப்பட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து, அவை மேலிடத்துக்காக ஓயாமல் மோதிக்கொள்கின்றன என்று எழுதினார். தப்பிச் செல்ல இடமில்லாத அடைப்புக்குள் போடப்பட்ட விலங்குகள் வேறென்ன செய்யும்? அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் ஓநாய்களைப் பற்றி எழுதிய பெயர்பெற்ற நூலில் அந்தக் கருத்தை எடுத்தாண்டார். அதன் வழியாகவே 'ஆல்ஃபா' என்ற சொல் மக்களிடம் பரவி, நிர்வாகப் பயிற்சி வகுப்புகள் முதல் காதல் நாவல்கள் வரை சென்று சேர்ந்தது. அதே மெக், கனடாவின் வடகோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவில் 1986 முதல் 1998 வரை கோடைதோறும் காட்டு ஓநாய்களுக்கு அருகிலேயே தங்கிப் பார்த்துவிட்டு, 1999இல் வெளியிட்ட கட்டுரையில் அந்தக் கருத்தைத் தாமே திருத்தினார். இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு தாய், ஒரு தந்தை, அவற்றின் இரண்டு மூன்று ஈற்றுக் குட்டிகள், அவ்வளவுதான். தலைமைக்காக யாரும் யாரையும் வீழ்த்த வேண்டியதில்லை. பெற்றோர் என்பதாலேயே அவை தலைமை, வளர்ந்த குட்டிகள் துணை தேடித் தாமே பிரிந்து போய்விடும். தம் பழைய நூலை அச்சிடுவதை நிறுத்தும்படி பதிப்பகத்தாரிடம் அவரே பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது 'ஷிவர்' நாவலுக்கு வாருங்கள். அதிலுள்ள கூட்டம் ஒரு வீட்டில் வாழும் குடும்பம். பெக் என்பவர் சாமுக்கு வளர்ப்புத் தந்தை; கோடையில் மனிதர்களாக இருக்கும்போது சமைப்பதும் படிப்பதும் பாடம் சொல்லித்தருவதுமாக அந்த வீடு இயங்குகிறது. ஆசிரியர் மெக்கின் கட்டுரையைப் படித்தாரோ இல்லையோ, கூண்டு ஓநாயை விட்டுவிட்டுக் காட்டு ஓநாயின் பக்கம் போயிருக்கிறார். உங்களுக்கு அது புதிதாகத் தோன்றியதில் வியப்பில்லை.

மினசோட்டா என்ற களத்தேர்வும் வெறும் குளிருக்காக மட்டும் இருக்க முடியாது என்பது என் ஊகம். அலாஸ்காவை விட்டுவிட்டால், அமெரிக்க மாநிலங்களில் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் ஓநாய்களைச் சுட்டும் நஞ்சு வைத்தும் ஒழித்துக்கட்டிய காலத்தில், மினசோட்டாவின் வடக்குக் காடுகளில் ஓநாய்கள் தொடர்ந்து பிழைத்திருந்தன. அங்கும் ஓநாயைக் கொன்றுவந்தால் அரசே பரிசுப்பணம் தரும் வழக்கம் 1965 வரை இருந்தது. கூட்டாட்சிச் சட்டத்தின் பாதுகாப்பு 1974இல்தான் வந்தது. நாவலில் ஜாக் என்ற மாணவனை ஓநாய்கள் கொன்றுவிட்டதாக நம்பி, ஊரார் துப்பாக்கியோடு காட்டுக்குள் புகுகிறார்களே, அந்த வேட்டையில் குண்டடிபட்டுத்தானே சாம் மனித உருவில் கிரேஸின் வீட்டுப் பின்வாசலில் வந்து விழுகிறான்? அந்த ஊராரின் கோபம் ஆசிரியர் கற்பனையில் தோன்றியது அன்று. ஓநாயை அஞ்சுவோரும் அதற்காக வழக்காடுவோரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழும் மாநிலம் அது.

ஆகவே நோயாளியை வைத்திருந்தால் இந்தக் கதையில் பாதிதான் கிடைத்திருக்கும். நோயாளியை ஊர் வேட்டையாடாது.

* * *

எதிர்க்கரை எழுதியது:

எல்லாரும் பாராட்டிக்கொண்டிருக்கும்போது கல்லெறிவதற்கு மன்னிக்க வேண்டும். எனக்கும் நாவல் பிடித்தது. ஆனால் இரண்டு இடங்களில் ஆசிரியர் தமக்கு வேண்டிய வசதியைச் செய்துகொண்டார் என்றே நினைக்கிறேன்.

முதலாவது, கிரேஸின் பெற்றோர். வீட்டில் ஓர் அந்நிய இளைஞன் நாள்கணக்கில் ஒளிந்திருப்பது தெரியாத அளவுக்கு ஒரு தாயும் தந்தையும் கவனமற்று இருப்பார்களா? அவர்களுடைய அலட்சியத்தை ஆசிரியர் ஒரு குணச்சித்திரமாக ஆக்க முயல்கிறார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சிறுமியாக இருந்த கிரேஸை அவள் தந்தை வெயிலில் பூட்டிய காரில் மறந்து விட்டுவிட்டதும், அந்த வெப்பத்தில் அவள் சாகக் கிடந்ததும், ஓநாய்க் கடி பட்டும் அவள் உருமாறாமல் போனதற்கு அதுவே காரணமாவதும் அழகான முடிச்சுதான். ஆனால் அந்த ஒரு முடிச்சுக்காக நானூறு பக்கம் பெற்றோரை வீட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவைத்திருக்கிறார்.

இரண்டாவது, மூளைக்காய்ச்சல் மருத்துவம். கடுங்காய்ச்சல் உடலிலிருந்து ஓநாயை எரித்துவிடும் என்று நம்பி, மூளைக்காய்ச்சல் கண்டவரின் இரத்தத்தைச் செலுத்துகிறார்கள். அதுவரை வானிலையைப் போல யாருக்கும் கட்டுப்படாத ஒன்றாக இருந்த விதி, கடைசி ஐம்பது பக்கத்தில் ஊசி மருந்தால் தீரும் சங்கதியாகச் சுருங்கிவிடுகிறது. நீலமை அவர்களே, உங்கள் வெப்பமானிக்கு அங்கே என்ன மதிப்பு மிஞ்சுகிறது?

இதையும் சேர்த்துக்கொள்கிறேன்: 'விதிக்கப்பட்ட துணை' என்னும் உத்தியை நீங்கள் ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். தொல்காப்பியத்தில் மணத்துக்கு முந்தைய மறைவான காதலைச் சொல்லும் களவியலே, தலைவனும் தலைவியும் எதிர்ப்படுவது பாலது ஆணையால், அதாவது ஊழின் கட்டளையால், என்று தொடக்கத்திலேயே சொல்கிறது. ஆனால் ஊழின் வேலை சந்திக்க வைப்பதோடு முடிந்துவிடும்; அதற்குப் பிறகு வரும் தயக்கம், தோழியின் தூது, அலர் என்னும் ஊராரின் பழிப்பேச்சு, தலைவியை வீட்டுக்குள் அடைத்துவைக்கும் இற்செறிப்பு எல்லாம் மனிதர்கள் பாடு. செயலிக் கதைகள் ஊழிலேயே நின்றுவிடுகின்றன, களவுக்குள் நுழைவதே இல்லை. குறை உத்தியில் இல்லை, சோம்பலில் இருக்கிறது.

இதற்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் பட்ரீஷியா பிரிக்ஸ் எழுதி 2008இல் வந்த 'க்ரை வுல்ஃப்' நாவலைப் படியுங்கள். பெரியவர்களுக்கான நூல், வன்முறையும் உண்டு. அதற்கு முன்கதையாக 'ஆல்ஃபா அண்ட் ஒமேகா' என்ற குறுநாவல் 2007இல் வந்தது. அதை முதலில் படித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் ஏறிய பேருந்து போல இருக்கும். சிகாகோவில் தன் கூட்டத்தாரிடமே கொடுமைகளை அனுபவித்த அன்னா என்ற பெண்ணையும், மொண்டானா மலைகளிலிருந்து வரும் சார்லஸையும் பற்றியது. அவர்களுக்குள் இருக்கும் ஓநாய்கள் ஒன்றையொன்று ஏற்றுக்கொண்டுவிட்டன. மனிதர்கள் இன்னும் ஏற்கவில்லை. ஒருவர் கை ஓங்கினாலே ஒடுங்கிவிடும் ஒரு பெண், தன் உடலுக்குள் இருக்கும் விலங்கு 'சரி' என்று சொன்ன பின்பும் தானாக 'சரி' என்று சொல்ல எவ்வளவு காலம் எடுத்துக்கொள்கிறாள் என்பதே அந்த நாவலின் காதல்.

* * *

ஏட்டுப்பூச்சி எழுதியது:

எதிர்க்கரை அவர்களின் இரண்டாம் கல்லை மட்டும் பிடித்துத் திருப்பி எறிகிறேன். காய்ச்சலை மருந்தாக்குவது கதாசிரியரின் வெறும் புனைவு அன்று. வியன்னாவைச் சேர்ந்த யூலியஸ் வாக்னர்-யாரெக் என்ற மருத்துவர் 1917இல், மூளை வரை பரவிய மேகநோய் (சிபிலிஸ்) கண்டவர்களுக்கு மலேரியா கண்டவரின் இரத்தத்தைச் செலுத்திக் காய்ச்சலை வரவழைத்தார். சிலர் தேறினார்கள், சிலர் அந்தக் காய்ச்சலிலேயே இறந்தார்கள். 1927இல் அதற்காக அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. பெனிசிலின் வந்த பிறகு அந்த முறை வழக்கொழிந்தது. நாவலிலும் அப்படித்தானே நடக்கிறது? ஒரே இரத்தம்தான் சாமுக்கும், ஊரார் நம்பியதுபோல் சாகாமல் ஓநாயாகிவிட்டிருந்த ஜாக்குக்கும் செலுத்தப்படுகிறது. சாம் பிழைக்கிறான், ஜாக் தன் தங்கை இசபெலின் கண்முன்னே சாகிறான். அதை 'தீர்ந்துவிட்டது' என்று எப்படிச் சொல்ல முடியும்?

நீலமைக்கு நான் பரிந்துரைப்பது நாவல் அன்று, ஒரு பழங்கதைப் பாட்டு. 12ஆம் நூற்றாண்டில் மரி த ஃபிரான்ஸ் என்ற பெண் கவிஞர் பிரெஞ்சில் பாடிய 'பிஸ்க்லாவ்ரே'. ஆங்கிலத்தில் பல மொழிபெயர்ப்புகள் கிடைக்கின்றன. ஒரே மூச்சில் படித்துவிடலாம்.

இன்றைய பிரான்சின் மேற்குக் கோடியில் உள்ள பிரித்தானி நாட்டில் ஒரு பிரபு. வாரத்தில் மூன்று நாள் எங்கே போகிறான் என்று மனைவிக்குத் தெரியவில்லை. அவள் கெஞ்சிக் கேட்க, தான் ஓநாயாகிக் காட்டில் திரிவதைச் சொல்லிவிடுகிறான். அப்போது ஆடையை எங்கே வைப்பாய் என்று அவள் கேட்கிறாள். அது தொலைந்தால் நான் என்றைக்கும் ஓநாயாகவே இருந்துவிடுவேன் என்று தயங்கியவன், கடைசியில் பாழடைந்த கோயிலருகே ஒரு குடைவான கல்லுக்கடியில் வைப்பதாகச் சொல்லிவிடுகிறான். தன்னை நெடுநாளாகச் சுற்றிவந்த வீரன் ஒருவனை ஏவி அவள் அந்த ஆடையை எடுத்துவரச் செய்கிறாள். ஓராண்டு கழித்து வேட்டைக்கு வந்த அரசனைக் கண்டதும் அந்த ஓநாய் ஓடிவந்து அவன் குதிரையின் அங்கவடியை (கால் வைக்கும் வளையத்தை) பற்றிக்கொண்டு காலை முத்தமிடுகிறது. அரசன் வியந்துபோய் அதை அரண்மனைக்கு அழைத்துச் சென்று வளர்க்கிறான். சாதுவாக இருந்த அந்த விலங்கு, அந்த வீரனைக் கண்டதும் பாய்கிறது. மனைவியைக் கண்டதும் அவள் மூக்கைக் கடித்துத் துண்டாக்குகிறது. காரணமில்லாமல் இது இப்படிச் செய்யாது என்று அவையில் ஒரு முதியவர் சொல்ல, விசாரணையில் உண்மை வெளியாகி, ஆடையைக் கொண்டுவந்து ஓநாயின் முன் வைக்கிறார்கள். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லார் முன்னிலும் மாறுவதற்கு அதற்கு நாணம் என்று அதே முதியவர் விளக்க, அதை அரசனின் படுக்கையறையில் ஆடையோடு தனியே விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். திறந்து பார்த்தபோது அரசனின் கட்டிலில் அந்தப் பிரபு உறங்கிக்கொண்டிருக்கிறான்.

இதிலும் முழு நிலவு இல்லை என்பதைக் கவனியுங்கள். நிலவை இன்று எல்லாரும் அறிந்த விதியாக நிலைநிறுத்தியது பெரும்பாலும் 1940களின் ஹாலிவுட் படங்கள்தாம். எட்டு நூற்றாண்டுக்கு முந்தைய பாட்டிலேயே மனித உருவத்தைக் காப்பது ஆடையாக இருந்திருக்கிறது, 'ஷிவர்' நாவலில் அது வெப்பமாகிவிட்டது. கோட்டும் கம்பளியும் போர்த்திப் போர்த்திச் சாமை மனிதனாக வைத்துக்கொள்ளக் கிரேஸ் படும் பாட்டைப் படித்தபோது எனக்கு இந்தப் பாட்டுதான் நினைவுக்கு வந்தது. அந்த மனைவி ஆடையை ஒளித்தாள், இவள் ஆடையைப் போர்த்துகிறாள்.

* * *

நீலமை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வேலை முடிந்து வந்து இரண்டு முறை படித்தேன்.

'நோயாளியை ஊர் வேட்டையாடாது' என்று கானுறை ஐயா எழுதிய வரி என் கேள்வியின் பாதியைத் தீர்த்துவிட்டது. மீதிப் பாதிக்கு நானே ஒரு விடையைக் கண்டுபிடித்தேன். நோயாளிக் கதையில் நாயகன் இறந்துவிடுவான் என்ற அச்சம் இருக்கும். இங்கே சாம் இறக்கமாட்டான். அடுத்த குளிர்காலத்திலும் காட்டோரத்தில் வந்து நிற்பான், அவளைப் பார்ப்பான், ஆனால் அவளுக்குப் பெயர் இருந்தது என்பதே அவனுக்கு நினைவிருக்காது. மறக்கப்படுவதற்கு அஞ்சும் காதல் கதையாகத்தான் இதைப் படித்திருக்கிறேன் என்பது இப்போது தெரிகிறது. மனிதச் சொற்கள் ஒவ்வொன்றாக நழுவிப்போவதை உணர்ந்துகொண்டே அவன் மனத்துக்குள் பாட்டு வரிகளைக் கோத்துக்கொண்டிருப்பதும், ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கேயின் கவிதைகளை விடாமல் பற்றிக்கொண்டிருப்பதும் முதல் வாசிப்பில் எனக்குச் சற்று மிகையாகத் தோன்றின. கவிதை படிக்கும் அழகிய இளைஞன் என்ற வழக்கமான ஒப்பனை என்று நினைத்துவிட்டேன். சொல்லை இழக்கப்போகிறவன் சொல்லைச் சேமிக்கிறான் என்று எடுத்துக்கொண்டு அந்தப் பக்கங்களை இன்று மதிய உணவு வேளையில் மீண்டும் படித்தபோது வேறுவிதமாக இருந்தன.

எதிர்க்கரை அவர்களே, பெற்றோர் பற்றிய குற்றச்சாட்டை முழுமையாக ஏற்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு பூனைக்குட்டியை இரண்டு மணி நேரம் ஒளித்துவைக்க முடியாது. மூளைக்காய்ச்சல் விஷயத்தில் மட்டும் ஏட்டுப்பூச்சியின் பக்கம் நிற்கிறேன். ஜாக்கின் சாவைப் படித்த பிறகு அந்த ஊசியை எளிய வழி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருந்தாலும் கடைசி அத்தியாயங்களில் தலைப்பு எண்ணைப் பார்க்கும் பழக்கம் எனக்குத் தானாகவே நின்றுபோனது என்பதையும் ஒப்புக்கொண்டாக வேண்டும். வெப்பமானிக்கு என்ன மதிப்பு மிஞ்சுகிறது என்று நீங்கள் கேட்டதற்கு அது ஒருவகையில் விடைதான்.

பிஸ்க்லாவ்ரேயை இன்றிரவே படித்துவிடுவேன். 'ஆல்ஃபா அண்ட் ஒமேகா' குறுநாவலையும் 'க்ரை வுல்ஃப்' நாவலையும் அந்த வரிசையிலேயே வாங்கச் சொல்லியிருக்கிறேன். 'லிங்கர்' நூலைக் கேட்டு அதே பழைய புத்தகக் கடைக்குப் போனேன்; சாதாரண அட்டைப் பிரதி ஒன்றை எடுத்துத் தந்தார், கறுப்பு மைதான். பச்சை மையில் வேண்டும் என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "படிக்கிறதுக்குத்தானம்மா?" என்று கேட்டார். வாடைக்காற்று அண்ணா, அந்தக் கெட்டி அட்டைப் பிரதி உங்களிடம் இருக்கிறதா, இருந்தால் விலைக்குத் தருவீர்களா?